பெயர் மறந்த ஈ
ஒரு குட்டி லேப்டாப்பின் கதை: மூன்று வாரத் தொடர்

வாரம் 1: கழன்று வந்த கைப்பிடி

2005 நவம்பர் 16. துனிசியாவின் தலைநகர் துனிஸ். ஐ.நா. கூட்டிய தகவல் சமூக உச்சி மாநாடு. மேடையில் இரண்டு பேர். ஒருவர் ஐ.நா. பொதுச் செயலாளர் கோஃபி அன்னான். மற்றவர் நிகோலஸ் நெக்ரோபோன்டே, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மீடியா லேப் ஆய்வுக்கூடத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். அவர்கள் முன்னால் மேஜைமேல் பச்சைப் பசேலென்று இரண்டு பொருள்கள். பார்வைக்கு விளையாட்டுச் சாமான் மாதிரி. பக்கவாட்டில் மஞ்சளாக ஒரு கைப்பிடி. கரும்புச்சாறு மெஷினில் இருக்குமே, அதன் குட்டி வடிவம்.

இது லேப்டாப். விலை 100 டாலர். கரண்ட் இல்லாத ஊரிலும் ஓடும், கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினால் மின்சாரம் வந்துவிடும். அப்படித்தான் விளக்கம் சொன்னார்கள்.

பத்திரிகைக்காரர்கள் விடுவார்களா? எங்கே, சுற்றிக் காட்டுங்கள் என்றார்கள். அன்னான் சுற்றினார். கைப்பிடி கழன்று அவர் கையோடு வந்துவிட்டது. மனிதர் சத்தம் போடாமல் அதைத் திரும்பப் பொருத்த ஆரம்பித்தார். பக்கத்தில் நெக்ரோபோன்டே தன்னுடையதைச் சுற்றினார். அரைச் சுற்றுதான் போனது. மேஜை இடித்தது.

உலகத்தையே மாற்றப் போவதாகச் சொல்லி வந்த ஒரு யோசனைக்கு இதைவிடத் தர்மசங்கடமான தொடக்கம் இருக்க முடியாது. ஆனாலும் அன்று சிரித்தவர்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறினார்கள். கைப்பிடி போனால் போகிறது. 100 டாலர் என்ற அந்த விலையை ஒருவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டாரே! அதை இனி யாராலும் திரும்பப் பெட்டிக்குள் போட்டு மூட முடியாது.

நெக்ரோபோன்டேயின் திட்டம் எளிமையானது. 'குழந்தைக்கு ஒரு லேப்டாப்' என்பது அதன் பெயர். கடையில் விற்கமாட்டார்கள். அரசாங்கங்கள் லட்சக்கணக்கில் வாங்கிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சும்மா கொடுக்க வேண்டும். பழந்தமிழில் 'ஈ' என்றால் கொடு. ஈகை பிறந்தது அதிலிருந்துதான். நம் கதையின் முதல் ஈ இது. இன்னொரு ஈ பிற்பாடு பறந்து வரும்.

சரி, 100 டாலருக்கு லேப்டாப் செய்வது எப்படி? காசைத் தின்னும் இடங்களைப் பார்த்துக் கைவைக்க வேண்டும். முதல் இடம், திரை. அதற்கென்று வந்தவர் மேரி லூ ஜெப்சன். திரைத் தொழில்நுட்பத்தில் கரைகண்ட பொறியாளர். சாதாரண லேப்டாப்பை வெயிலில் விரித்தால் அதில் நம் முகம்தான் தெரியும். ஆப்பிரிக்காவிலோ ஆசியாவிலோ மரத்தடியில் நடக்கிற வகுப்புக்கு அது எதற்கு ஆகும்? ஜெப்சன் செய்த 7.5 அங்குலத் திரைக்கு இரண்டு குணம். வீட்டுக்குள் வண்ணத்தில் தெரியும். வெயிலில் பின்னொளியை அணைத்துவிட்டால், சூரிய வெளிச்சத்தையே வாங்கிக்கொண்டு செய்தித்தாள் போல் கறுப்பு வெள்ளையில் தெளிவாகத் தெரியும். பேட்டரியும் மிச்சம்.

இரண்டாவது இடம், விண்டோஸ். அதற்கு லைசென்ஸ் காசு கட்ட வேண்டும். எனவே இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ். மூன்றாவது, சிப். இங்கேதான் வம்பு தொடங்கியது. நெக்ரோபோன்டே எடுத்தது ஏ.எம்.டி. நிறுவனத்தின் சிப்பை. ஏ.எம்.டி. யார்? இன்டெல்லின் ஜென்மப் பகையாளி.

இன்டெல்லின் பதில் எங்கிருந்து வந்தது தெரியுமா? நமக்குப் பக்கத்தில், கொழும்பிலிருந்து. துனிஸ் மேடை நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2005 டிசம்பரில் இலங்கைக்கு வந்திருந்த இன்டெல் தலைவர் கிரெய்க் பாரெட்டிடம் நிருபர்கள் இதைப் பற்றிக் கேட்டார்கள். இதை லேப்டாப் என்று சொல்வதைவிட 100 டாலர் 'கேட்ஜெட்' என்று சொல்வதுதான் பொருத்தம் என்றார் அவர். மக்களுக்கு வேண்டியது முழுக் கம்ப்யூட்டர், இந்த மாதிரிப் பொம்மை இல்லை என்பது அவர் கட்சி.

பொம்மை என்று சொன்னவர்கள் சும்மா இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. 2006-லேயே இன்டெல் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஒரு குட்டி லேப்டாப்பைக் காட்டியது. முதலில் எடுவைஸ் என்று பெயர். பிறகு கிளாஸ்மேட்.

இதற்கிடையில் நெக்ரோபோன்டே நாடு நாடாகப் போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். இந்தியாவின் மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2006-ல் கைவிரித்தது. எங்களுக்கு முதலில் வேண்டியது வகுப்பறையும் வாத்தியாரும் என்பது அதன் நிலை. தாய்லாந்தில் ஆட்சியே கவிழ்ந்து திட்டம் கிடப்பில் போனது. தென் அமெரிக்காவின் சின்னஞ்சிறு நாடான உருகுவே மட்டும் 2007 மே மாதம் வில்யா கார்தால் என்ற ஒரு கிராமத்துப் பள்ளியில் பிள்ளைகள் கையில் கொடுத்து வெள்ளோட்டம் பார்த்தது. அதே ஆண்டு இறுதிக்குள் 100 டாலர் என்ற விலை 188 டாலர் ஆகிவிட்டது.

இந்தப் பச்சை லேப்டாப்பைச் செய்து தர ஒப்புக்கொண்டது குவான்டா என்ற தைவான் நிறுவனம். உலகத்து லேப்டாப்புகளில் பெரும்பகுதி, மூடியில் எந்த நாட்டுப் பெயர் ஒட்டியிருந்தாலும், உருவானது தைவான் நிறுவனங்களின் கையில்தான். ஒரே தெருவில் நாலு பட்டறை இருந்தால், ஒரு பட்டறையில் என்ன அடிக்கிறார்கள் என்று மற்ற மூன்றுக்கும் தெரியாமல் போகுமா?

2007 ஜூன் 5. தைபே நகரில் கம்ப்யூடெக்ஸ் கண்காட்சி. இன்டெல்லின் உயர் அதிகாரி ஷான் மலோனி பேசிக்கொண்டிருக்கிறார். நடுவில் ஒரு தைவான்காரரை மேடைக்கு அழைக்கிறார். அவர் பெயர் ஜானி ஷி. அசூஸ் நிறுவனத்தின் தலைவர். அவர் கையில் வெள்ளை வெளேரென்று ஒரு பொருள், நோட்டுப் புத்தகம் அளவுக்கு.

அது லேப்டாப். கைப்பிடி கிடையாது. அரசாங்கம் ஆர்டர் கொடுக்க வேண்டியதில்லை. ஏழை நாட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டியதில்லை. காசு இருந்தால் யாரும் கடையில் வாங்கலாம். விலை 199 டாலர். அன்றைய கணக்கில் சுமார் 8,000 ரூபாய்.

அந்தக் காலத்தில் ஒரு நல்ல லேப்டாப்புக்கு அதைப் போல் நான்கைந்து மடங்கு கொடுக்க வேண்டும். லாபம் இல்லை என்று இறங்கிய தர்ம காரியமே அந்த ஆண்டு முடிவதற்குள் 188 டாலரில் மூச்சு வாங்கியது. லாபத்துக்குத் தொழில் செய்கிறவர் வெறும் 11 டாலர் கூட்டி எப்படி விற்பார்? கணக்கு உதைக்கிறதே!

ஷி சொன்ன விலை மெய்யா? அல்லது இன்னொரு கைப்பிடி கழலப் போகிறதா?

(தொடரும்)

வாரம் 2: தலையை வெட்டிக்கொண்ட குதிரை

கைப்பிடி கழன்றதா என்று பார்ப்பதற்கு முன், அதைப் பிடித்திருந்த கை யாருடையது என்று பார்த்துவிடலாம்.

1989. தைபே நகரில் ஒரு காபிக் கடை. நான்கு பொறியாளர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான்கு பேருமே ஏசர் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். சொந்தமாக மதர்போர்டு செய்யலாம் என்று முடிவாகிறது. பெயர்? கிரேக்கப் புராணத்தில் இறக்கை முளைத்த குதிரை ஒன்று உண்டு, பெகாசஸ். அதை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஆங்கில அகரவரிசைப் பட்டியலில் 'பி' எங்கோ கீழே கிடக்கும். வாங்க வருகிறவன் கண்ணில் சீக்கிரம் பட வேண்டாமா? முதல் மூன்று எழுத்தை வெட்டினார்கள். மிச்சம் நின்றது அசூஸ். பட்டியலில் மேலே வருவதற்காகக் குதிரை தன் தலையைக் கொடுத்தது.

அவர்களைப் பற்றி ஒரு கதை உண்டு. இன்டெல்லின் 486 சிப் வந்த புதிது. பெரிய அமெரிக்கக் கம்பெனிகளுக்குத்தான் முதலில் சிப் கிடைக்கும், தைவான்காரர்கள் வரிசையில் நிற்க வேண்டும். இவர்கள் காத்திருக்கவில்லை. சிப்பைக் கண்ணால் பார்க்காமலே அதற்கு ஒரு போர்டு செய்து, சோதித்துத் தாருங்கள் என்று இன்டெல்லிடமே கொண்டுபோனார்கள். போன இடத்தில் இன்டெல்லின் சொந்த போர்டு மக்கர் செய்துகொண்டிருந்தது. அதையும் சரிசெய்து கொடுத்தார்கள். இவர்கள் போர்டில் சிப்பைப் பொருத்தினால், ஓடியது!

சில ஆண்டுகளில் ஏசரிலிருந்து இன்னொருவரும் வந்து சேர்ந்தார். அவர்தான் ஜானி ஷி. அவர் தலைமையில் அசூஸ் உலகின் முதல்நிலை மதர்போர்டு நிறுவனம் ஆனது. ஆனால் மதர்போர்டு பெட்டிக்குள் கிடக்கும் சமாச்சாரம். பெயர் ஊருக்குத் தெரியாது. ஊருக்குத் தெரிகிற மாதிரி ஒன்று செய்ய வேண்டும் என்ற பசி இருந்தது.

அதற்குத்தான் அந்த வெள்ளைப் பொருள். ஆங்கிலத்தில் மூன்று 'ஈ' எழுத்துகளை அடுக்கி 'ஈ பிசி' என்று பெயர் வைத்தார்கள். கற்க எளிது, வேலை செய்ய எளிது, விளையாட எளிது. எளிது என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து மூன்று முறை. தமிழ்க் காதுக்கு அது வேறு மாதிரி விழும். சின்னது, எங்கும் பறப்பது, எதன் மேலும் உட்காருவது. நாம் சொன்ன இரண்டாவது ஈ வந்துவிட்டது.

ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்போம். 701 என்ற முதல் மாடல். நீளம் 22.5 செ.மீ. அகலம் 16.5 செ.மீ. எடை 920 கிராம் சொச்சம், ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைவிடக் குறைவு. மூடியைத் திறந்தால் முதலில் சிரிப்பு வரும். அவ்வளவு பெரிய மூடியில் திரை 7 அங்குலம்தான். கையடக்க டி.வி.டி. பிளேயரில் பார்த்துப் பழகிய அளவு. மிச்ச இடத்தை என்ன செய்வது? திரைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஸ்பீக்கரை நிறுத்தியிருக்கிறார்கள், கர்ப்பக்கிரக வாசலில் துவாரபாலகர்கள் போல.

விசைப்பலகை பெரியவர்கள் விரலுக்கு இல்லை. வலது ஷிப்ட் விசையை மேல்நோக்கிய அம்புக்குறிக்கு அந்தப் பக்கம் தள்ளி வைத்துவிட்டார்கள். பழக்க தோஷத்தில் பெரிய எழுத்து அடிக்கப் போனால் கர்சர் மேல் வரிக்கு ஓடிவிடும். இயக்கினால் லினக்ஸ், ஆனால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இணையம், வேலை, கற்றல், விளையாட்டு என்று தலைப்புகள், அதன் கீழே கோழிமுட்டை அளவு படங்கள். தொட்டால் திறக்கும் என்கிற பாவனையில் இருக்கும், ஆனால் தொடுதிரை இல்லை.

உள்ளே சுழலும் ஹார்டு டிஸ்க் கிடையாது. பென் டிரைவில் இருப்பதைப் போன்ற ஃபிளாஷ் நினைவகம் 4 ஜிபி. அதையும் போர்டிலேயே பற்றவைத்துவிட்டார்கள். ரேம் 512 எம்பி. சிப் இன்டெல்லின் பழைய செலரான். பெட்டியில் 900 மெகாஹெர்ட்ஸ் என்று கணக்கு. நோண்டிப் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது, அது 630-ல்தான் ஓடியது. வேகத்தைக் குறைத்தால் சூடு குறையும், பேட்டரி நீளும். பக்கவாட்டில் டெலிபோன் வயர் செருகும் துளை இருக்கும். அதை அடைத்திருப்பார்கள். அடியில் ரேம் மாற்ற ஒரு சின்னக் கதவு. அதன் திருகாணி மேல் 'கிழித்தால் வாரண்டி போச்சு' என்கிற ஸ்டிக்கர். வாங்கியவர்கள் முதல் வேலையாக அதைக் கிழித்தார்கள். கூச்சல் கிளம்பியதும் அசூஸ் இறங்கி வந்தது.

விலை எப்படிக் குறைந்தது என்று இப்போது புரிந்திருக்கும். புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. திரை சின்னது, சிப் பழையது, மென்பொருள் இலவசம். நம் வீட்டில் மிச்சம் மீதியை வைத்து இரவுச் சாப்பாட்டைச் சமாளிக்கிற கைப்பக்குவம்.

ஆனால் 199 டாலர்?

2007 அக்டோபர் 16 அன்று தைவானில் விற்பனை தொடங்கியது. அடுத்த மாதம் அமெரிக்கா. அங்கே 4 ஜிபி மாடல் 399 டாலர். சிக்கன மாடல் 299. மேடையில் சொன்ன 199 மேடையோடு சரி. கைப்பிடி கழன்றேவிட்டது!

வேடிக்கை இனிமேல்தான். விலை இரட்டிப்பானதற்காக யாரும் மூக்கைச் சிந்தவில்லை. அள்ளிக்கொண்டு போனார்கள். நான்கு மாதத்தில் 3 லட்சத்துக்கும் மேல் விற்றது. இது குழந்தைகளுக்கு, குடும்பத் தலைவிகளுக்கு, இதுவரை கம்ப்யூட்டர் தொடாத பெரியவர்களுக்கு என்று நினைத்துத்தான் அசூஸ் செய்தது. வரிசையில் முதலில் வந்து நின்றவர்களோ, வீட்டில் ஏற்கெனவே நல்ல லேப்டாப் வைத்திருந்தவர்கள். ரயிலில் போக, அடுப்படியில் வைத்துச் சமையல் குறிப்புப் பார்க்க, படுக்கையில் மெயில் படிக்க என்று ஆளுக்கு ஒரு காரணம். சிலர் உடைத்து உள்ளே தொடுதிரையே பற்றவைத்தார்கள்.

நெக்ரோபோன்டே கனவு கண்டது இல்லாதவனுக்கு. வாங்கியது இருக்கிறவன். அவன் வாங்கிப்போய் நாலு நாள் பயன்படுத்திவிட்டு ஒரு வார்த்தை சொன்னான். கம்ப்யூட்டர் தொழில் தன் வாழ்நாளில் கேட்கவே விரும்பாத வார்த்தை அது.

"இதுவே போதுமே!"

போதும் என்று வாடிக்கையாளன் சொல்லிவிட்டால், அடுத்த வருடம் இன்னும் வேகமான சிப்பை யாரிடம் விற்பது? இன்னும் பெரிய விண்டோஸை யார் தலையில் கட்டுவது? மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டுதான் விஸ்டாவைப் பொதுச் சந்தைக்குக் கொண்டுவந்திருந்தது. அது குடியேறவே 15 ஜிபி காலியிடம் கேட்டது. ஈயின் மொத்த வீடே 4 ஜிபி. பழைய எக்ஸ்பி கொஞ்சம் ஒடுங்கி உட்காரும்தான். ஆனால் அதன் விற்பனையை 2008 ஜூன் 30-உடன் நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்டே நாள் குறித்திருந்தது.

அதாவது, ஜூலை பிறந்தால் இந்தக் குட்டிக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் லினக்ஸ் கையில். விண்டோஸ் இல்லாமலும் பிழைக்கலாம் என்று லட்சக்கணக்கான பேர் கண்டுகொண்டுவிடுவார்கள். யானை காதுக்குள் ஈ புகுந்த கதை.

மைக்ரோசாஃப்ட் என்ன செய்யும்? அடித்துவிடுமா?

2008 ஏப்ரல் 3 அன்று பதில் வந்தது. அது அடி இல்லை. அடியைவிட ஆபத்தான ஒன்று.

(தொடரும்)

வாரம் 3: வெல்லம் வைத்தார்கள்

ஈயை அடிக்கக் கை ஓங்கினால் அது பறந்துவிடும். வெல்லம் வைத்தால் தானே வந்து ஒட்டிக்கொள்ளும்.

மைக்ரோசாஃப்ட் வைத்த வெல்லத்தின் பெயர் எக்ஸ்பி. மற்ற எல்லாருக்கும் ஜூன் மாதத்தோடு கடையடைப்பு. சின்ன, மலிவான லேப்டாப் செய்கிறவர்களுக்கு மட்டும் 2010 வரை எக்ஸ்பி ஹோம் உண்டு என்று அறிவித்தது. அதுவும் குறைந்த விலைக்கு. ஒரே ஒரு நிபந்தனை. திரை இவ்வளவுக்குள், சிப்பின் வேகம் இவ்வளவுக்குள், ரேம் 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும். ஈ ஈயாகவே இருக்கட்டும், பருந்தாகிவிடக் கூடாது என்பது அதன் அர்த்தம்.

வெல்லத்துக்கு நல்ல வேலை. ஓராண்டுகூட முழுதாக ஆகவில்லை. 2009 வசந்தத்தில் மைக்ரோசாஃப்டே பெருமையோடு கணக்குச் சொன்னது: அமெரிக்காவில் விற்ற குட்டி லேப்டாப்புகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் விண்டோஸ். தெரியாத லினக்ஸைவிடத் தெரிந்த எக்ஸ்பி மேல் என்று ஜனங்கள் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

இன்டெல் தன் பங்குக்கு இன்னொரு வெல்லத்தை எடுத்து வைத்தது. ஆட்டம் என்ற சிப். 25 சதுர மில்லிமீட்டருக்கும் குறைவான பரப்பு, நம் ஐந்து ரூபாய் நாணயத்தில் பல துண்டுகளை அடுக்கலாம். அதுவரை செய்ததிலேயே மிகச் சின்னது என்று இன்டெல் சொல்லிக்கொண்டது. 2008 ஜூனில் அதே தைபே கம்ப்யூடெக்ஸில் அது குட்டி லேப்டாப்புகளுக்கென்று வந்து இறங்கியது. 100 டாலர் கேட்ஜெட் என்று கொழும்பில் கேலி பேசிய கம்பெனி, மூன்றாவது வருடம் அந்தக் கேட்ஜெட்டுக்கென்றே தனியாக ஒரு சிப் செய்து, தொட்டிலிட்டுப் பெயரும் வைத்தது. நெட்புக்.

பெயர் வைத்த வீட்டில் சண்டை இல்லாமல் இருக்குமா? பிரிட்டனில் சயான் என்றொரு பழைய கம்பெனி. 1999-லேயே அவர்கள் 'நெட்புக்' என்ற பெயரில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் விற்றிருந்தார்கள். பெயருக்குப் பதிவும் வாங்கியிருந்தார்கள். யாரும் இந்தப் பெயரைத் தொடாதீர்கள் என்று 2008 கடைசியில் ஊரெல்லாம் நோட்டீஸ் அனுப்பினார்கள். டெல்லும் இன்டெல்லும் சட்டத்தின் கதவைத் தட்டின. 2009 ஜூனில் சமரசமாகிச் சயான் உரிமையை விட்டுக்கொடுத்தது. அதற்குள் பெயர் ஊர்ப் பொதுச்சொத்து ஆகிவிட்டிருந்தது.

வெல்லம் இருந்தால் ஒரு ஈயா வரும்? 2008 ஏப்ரலில் எச்.பி. வந்தது. அடுத்து எம்.எஸ்.ஐ. செப்டம்பரில் டெல். லெனோவா, சாம்சங். இந்தியாவில் எச்.சி.எல். இவர்களுக்கெல்லாம் முன்பே, 2008 ஜனவரியிலேயே, மைலீப் என்று ஒன்றை 13,990 ரூபாய்க்கு இறக்கியிருந்தது. அது இன்டெல்லின் கிளாஸ்மேட் வழி வந்த பிள்ளை. 2008 தொடக்கத்தில், இந்த ஈ ஜெயித்துவிட்டால் நம் எல்லார் பிழைப்பும் அடிமட்டத்துக்கு ஓடும் என்று சோனியின் அமெரிக்க அதிகாரி ஒருவர் வெளிப்படையாகவே புலம்பினார். மறு வருடம் சோனியும் ஒரு குட்டியோடு வந்து நின்றது. விலை மட்டும் சோனி விலை, 900 டாலர்.

போன வாரம் ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன். பட்டியலில் மேலே வருவதற்காகப் பெகாசஸின் தலையை வெட்டினார்கள் அல்லவா? அப்படி வெட்டியும் ஆங்கில அகரவரிசையில் அசூஸுக்கு மேலே ஒரு பெயர் மிச்சமிருந்தது. அவர்கள் விட்டு வந்த வீடு. ஏசர்.

2008 ஜூலை வாக்கில் ஏசர் 'ஆஸ்பயர் ஒன்' என்ற நெட்புக்கை இறக்கியது. அசூஸுக்கு இல்லாத ஒன்று அதற்கு இருந்தது. ஐரோப்பா முழுக்க ஏற்கெனவே விரித்து வைத்த கடை வலை. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே அது அசூஸை முந்திவிட்டது. தொடங்கி வைத்தவர் இரண்டாவது இடத்தில். பட்டியலில் மட்டும் இல்லை, சந்தையிலும்.

இந்த நெருக்கடியில் அசூஸ் செய்ததுதான் கதையின் திருப்பம். 7 அங்குலம் சின்னதாக இருக்கிறதா? இந்தாருங்கள் 8.9. அதுவும் போதவில்லையா? 10. பிறகு 12 அங்குலம்கூட வந்தது. 4 ஜிபி குறைவா? சுழலும் ஹார்டு டிஸ்க்கைத் திரும்ப உள்ளே கொண்டு வந்தார்கள். லினக்ஸ் புரியவில்லையா? விண்டோஸ். விசைப்பலகை பெரிதானது, பேட்டரி கனத்தது, விலை ஏறியது. மாடல் எண்கள் 701, 900, 901, 904, 1000 என்று பஸ் ரூட் மாதிரி பெருகின. எதற்கு எது என்று கடைக்காரனே குழம்பினான். 2008-ன் கடைசிக் காலாண்டில் அசூஸ் நட்டக் கணக்குக் காட்டியது. உலகப் பொருளாதாரச் சரிவும் சேர்ந்து அடித்த நேரம் அது.

வெல்லம் வைத்தவர்களுக்காவது லாபமா? 2009 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் வரலாற்றிலேயே முதல் பெரிய ஆட்குறைப்பை அறிவித்தது. 5,000 பேர் வரை. விண்டோஸ் வருமானம் சரிந்ததற்குக் கம்ப்யூட்டர் சந்தையின் மந்தத்தோடு, மக்கள் மலிவான நெட்புக்குகள் பக்கம் போனதையும் அது காரணமாகச் சொன்னது. ஒரு பெரிய லேப்டாப்பில் வருகிற காசு குட்டியில் வராது. யானைக்கும் காது அரித்துக்கொண்டுதான் இருந்தது.

2010 ஜனவரி 27. சான் ஃபிரான்சிஸ்கோ. இன்னொரு மேடை. இந்த முறை நிற்பவர் ஸ்டீவ் ஜாப்ஸ். போனுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் ஒரு பொருளுக்கு இடம் இருக்கிறதா என்று கேட்கிறார். நெட்புக் என்று சிலர் சொல்வார்கள் என்கிறார். அவை மெதுவானவை, திரை மட்டம், எந்த வேலையையும் மற்றவற்றைவிட நன்றாகச் செய்வதில்லை, மலிவான லேப்டாப், அவ்வளவுதான் என்று ஒரே மூச்சில் தள்ளிவிட்டு ஐபேடைத் தூக்கிக் காட்டுகிறார். விலை 499 டாலரிலிருந்து.

2007-ல் வந்த ஈயைப் பற்றி இதை அவர் சொல்லியிருக்க முடியுமா? அதை யாரும் மலிவான லேப்டாப் என்று நினைத்து வாங்கவில்லை. லேப்டாப்பில் முடியாததை, அதாவது பையில் கிடப்பதே தெரியாமல் கிடப்பதை, அது செய்தது. 2010-ல் அவர் கேலி செய்தது அதையல்ல. வெல்லம் தின்று தின்று, லேப்டாப்பாகப் பார்த்து, லேப்டாப்பாகவும் ஆக முடியாமல் நின்ற வேறொன்றை.

அதன்பின் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. டேப்லெட்டுகள் வந்தன. 2013 பிறந்தபோது அசூஸும் ஏசரும் நெட்புக் தொழிலை மூட்டை கட்டியிருந்தன.

இரண்டு மிச்சக் கணக்குகளை முடித்துவிடுகிறேன். முதலாவது, கைப்பிடி கழன்ற அந்தப் பச்சை லேப்டாப். நெக்ரோபோன்டே நினைத்த கோடிகள் நடக்கவில்லை. ஆனால் உருகுவே நிற்கவில்லை. 2009 அக்டோபருக்குள் அந்த நாட்டின் அரசு ஆரம்பப் பள்ளிகளில் படிக்கிற எல்லாப் பிள்ளைகள் கையிலும் ஆளுக்கு ஒன்று போய்ச் சேர்ந்தது. முதல் ஈ, ஒரே ஒரு நாட்டிலாவது சொன்ன சொல்லைக் காப்பாற்றியது.

இரண்டாவது, வெட்டுப்பட்ட குதிரைத் தலை. 2008-ல் அசூஸ் தன் உற்பத்திப் பிரிவைத் தனிக் கம்பெனியாகப் பிரித்தபோது, வெட்டிப்போட்ட எழுத்துகளை எடுத்துத் தூசி தட்டி அதற்குப் பெயர் வைத்தார்கள். பெகாட்ரான். அந்தப் பெகாட்ரான் பிற்பாடு ஆப்பிளுக்கே பொருள் செய்து கொடுக்கப் போனது. 2022-ல் நம் செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் ஐபோன் தயாரிக்கும் ஆலையைத் திறந்தது. அதன் பெரும்பங்கை இப்போது டாடா வாங்கிவிட்டது. ஈயின் உடம்பைச் செய்த கை, ஈயைக் கொன்றவர் வீட்டு வேலைக்குப் போனது. தொழிலில் இதெல்லாம் சகஜம்.

நம் வீட்டுப் பாட்டிகள் ஒரு கதை சொல்வார்கள். ஓர் ஈ வீடு மெழுகுகிற மும்முரத்தில் தன் பெயரையே மறந்துவிடும். என் பெயர் என்ன, என் பெயர் என்ன என்று கன்றுக்குட்டி, பசு, இடையன் என்று எதிரில் வருகிற எல்லாரிடமும் கேட்டுக்கொண்டே போகும். ஒருவருக்கும் தெரியாது. கடைசியில் ஒரு குதிரை 'ஈ...ஈ...' என்று கனைக்கும். அடடா, அதுதானே என் பெயர் என்று ஈக்கு ஞாபகம் வந்துவிடும்.

இந்த ஈயும் போகிற வழியெல்லாம் கேட்டது. மைக்ரோசாஃப்ட் ஒன்று சொன்னது, இன்டெல் ஒன்று சொன்னது, கடைக்காரன் ஒன்று சொன்னான். அவரவர் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டி ஒரு சுற்றுப் பெருத்தது. வாங்கியவன் முதன்முதலில் கூப்பிட்ட பெயர் மட்டும் அதற்கு மறந்துவிட்டது. 'போதும்' என்று அவன் கூப்பிட்டிருந்தான்.

பாட்டி கதையில் ஈக்குக் கடைசியில் ஒரு குதிரை கிடைத்தது. இங்கேயும் குதிரை இருந்தது, இறக்கைகூட முளைத்த குதிரை. அதற்குத்தான் எப்போதோ தலையை வெட்டிவிட்டார்களே, எப்படிக் கனைக்கும்?

(முற்றும்)